சீனத்து உணவில் எதைச் சுவைக்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

சீன உணவு பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் அளிக்கிறேன். ஒன்றையே பலரும் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊரில் சீன உணவு என்றால் கோபி மஞ்சூரியன், செஷ்வான் ஃபிரைடு ரைஸ், ஹக்கா நூடுல்ஸ் ஆகிய மூன்றுதான். இவற்றுக்கும் சீனாவுக்கும் உண்மையில் தொடர்பு உண்டா? சீனர்கள் தம் நாட்டில் உண்பதைச் சுவைக்க விரும்பும் ஒருவர் எதிலிருந்து தொடங்க வேண்டும்? (வாசகர், மதுரை)

பதில்: தொடர்பு உண்டு, ஆனால் அது கொல்கத்தா வழியாக வந்த தொடர்பு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அந்நகரில் குடியேறிய சீனர்களுள் ஹக்கா வகுப்பினர் டாங்ரா பகுதியில் தோல் பதனிடும் தொழிலை நடத்தி வந்தார்கள். அவர்கள் திறந்த உணவகங்களில்தான் சோயா சாஸ், சோளமாவு, வினிகர் ஆகியவற்றோடு நம் பச்சை மிளகாயும் பூண்டும் தாராளமாகச் சேர்ந்து, இந்தியச் சீனச் சமையல் என்று இன்று நாம் அறியும் வகை வளர்ந்தது. மஞ்சூரியன் அதிலும் இளையது. கொல்கத்தாவில் பிறந்த சீனரான நெல்சன் வாங் 1975-இல் மும்பையின் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் சமைத்துக்கொண்டிருந்தபோது, புதிதாக ஏதாவது வேண்டும் என்று கேட்ட வாடிக்கையாளருக்காக, பொரித்த கோழித் துண்டுகளை இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயோடு சோயா சாஸிலும் சோளமாவிலும் புரட்டிக் கொடுத்தார் என்பது அதன் பிறப்பு வரலாறாகச் சொல்லப்படுகிறது. கோழியின் இடத்துக்குக் காலிஃபிளவர் வந்தது அதற்குப் பிறகுதான். மஞ்சூரியாவிலேயே போய்க் கேட்டாலும் அப்படி ஒரு பதார்த்தத்தை யாரும் அறிய மாட்டார்கள். அதற்காக அது தாழ்ந்த உணவு என்று நான் சொல்ல மாட்டேன். பதமாகச் செய்த கோபி மஞ்சூரியனை நானும் விரும்பி உண்கிறேன்.

சீனாவில் எல்லோருக்கும் பொதுவான ஒரு சமையல் கிடையாது. சின்லிங் மலைத்தொடரையும் ஹுவாய் ஆற்றையும் இணைத்துக் கோடு போட்டால், அதற்கு வடக்கே பெரும்பாலும் கோதுமையும் தெற்கே நெல்லும் விளைகின்றன. ஆகவே வடக்கே நூடுல்ஸும் ஆவியில் வேகவைத்த ரொட்டியும் கொழுக்கட்டை வகைகளும் வயிற்றை நிரப்புகின்றன, தெற்கே சோறு. சிச்சுவானும் ஹுனானும் காரத்துக்குப் பேர்போனவை. தென்கோடியில் உள்ள குவாங்டோங் மாகாணத்திலோ காரம் அரிது; மீனும் கீரையும் தம் இயல்பான சுவை கெடாமல் மேசைக்கு வருவதையே அங்குள்ள சமையல்காரர்கள் பெருமையாகக் கருதுகிறார்கள்.

சோறுண்டு வளர்ந்த நாம் பெயர்பெற்ற விருந்து உணவுகளிலிருந்து தொடங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. மாபோ டோஃபு (டோஃபு என்பது சோயாப்பாலை உறையவைத்த கட்டி), தக்காளி முட்டை, பூண்டும் வினிகரும் சேர்ந்த கத்தரிக்காய், இஞ்சி இட்டு ஆவியில் வேகவைத்த மீன் என்று வெள்ளைச் சோற்றோடு உண்பதற்கென்றே அமைந்த வீட்டு உணவுகள் அங்கே ஏராளம். நால்வர் போனால் மூன்று நான்கு பதார்த்தங்களும் ஒரு சூப்பும் சொல்லி, நடுவில் வைத்துப் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கொரு கிண்ணம் சோற்றோடு உண்பதே சீனர் வழக்கம். ஃபிரைடு ரைஸ் என்பது அங்கே முதல் நாள் மிஞ்சிய சோற்றைச் செலவழிக்கும் வழிகளுள் ஒன்று. அதை மட்டும் ஆளுக்கொரு தட்டு வாங்கி உண்டு திரும்பினால் பந்தியில் பாதியிலேயே எழுந்துவிட்டதாகத்தான் பொருள்.

கேள்வி: செட்டிநாட்டுக் காரத்தில் வளர்ந்தவன் நான். சிச்சுவான் காரம் அதைவிடக் கடுமையானது என்று நண்பர் பயமுறுத்துகிறார். அங்கே எதைச் சுவைக்க வேண்டும்? (வாசகர், காரைக்குடி)

பதில்: மிளகாயின் அளவைக் கண்டு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. உங்களுக்குப் புதிதாக இருக்கப்போவது சிச்சுவான் மிளகு. பெயர்தான் மிளகு, உண்மையில் அது எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முட்செடியின் காய். உள்ளிருக்கும் கறுப்பு விதையை எறிந்துவிட்டுச் செந்நிறத் தோட்டை மட்டும் சமையலில் இடுவார்கள். கொங்கணக் கரையில் மீன் குழம்பில் போடும் திர்ஃபல் இதற்கு நெருங்கிய உறவு. ஒரு தோட்டை முன்பல்லால் கடித்து நாக்கின் நுனியில் வைத்துப் பாருங்கள்: முதலில் எலுமிச்சைத் தோலின் வாசம் மூக்கில் ஏறும், சில நொடிகளில் உதடும் நாக்கும் மெல்ல அதிரத் தொடங்கும், வாயில் நீர் ஊறும், பிறகு நாக்கு மரத்துப்போகும். அதில் உள்ள சான்ஷூல் என்ற பொருள் தொடுவுணர்வு நரம்புகளைத் தூண்டுவதால் இது நேர்கிறது. இந்த மரப்போடு மிளகாய்க் காரம் சேர்ந்த சுவையை 'மாலா' என்கிறார்கள். மிளகாய் நம் நாட்டைப் போலவே அங்கும் வந்தேறிதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் வழியாக 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது சீனாவை எட்டுவதற்கு முன்பு, சிச்சுவான் மக்கள் இந்தத் தோடு, இஞ்சி முதலியவற்றைக் கொண்டே உறைப்பைத் தேடிக்கொண்டார்கள்.

ஒரே ஒரு பதார்த்தம்தான் சுவைக்க முடியும் என்றால் மாபோ டோஃபுவைச் சொல்வேன். செங்டு நகரின் வான்ஃபூ பாலத்தருகே 1862-இல் தொடங்கிய சிறு கடையொன்றில், சென் என்பவரின் மனைவி எண்ணெய் சுமக்கும் கூலியாட்களுக்காகச் சமைத்த உணவு இது. அவர் முகத்தில் அம்மைத் தழும்பு இருந்தது, அதையொட்டி ஊரார் வைத்த பெயரே உணவுக்கும் நிலைத்துவிட்டது. இதன் உயிர் பீஷியான் ஊரிலிருந்து வரும் தோபன்ஜியாங் என்ற விழுது. பெரிய அவரைப் பருப்பையும் சிவப்பு மிளகாயையும் உப்பிட்டுப் புளிக்கவைத்து, தாழிகளில் வெயில் பட ஓராண்டுக்கு மேலாகவும் முதிரவிடுவார்கள். கொத்திய மாட்டிறைச்சியை எண்ணெயில் மொறுமொறுப்பாக வறுத்து, இவ்விழுதை எண்ணெய் சிவக்கும்வரை வதக்கி, புளிக்கவைத்த கறுப்பு சோயாவும் சாறும் சேர்த்து, உப்பு நீரில் சுடவைத்த மெல்லிய டோஃபுத் துண்டுகளை அதில் கொதிக்க விடுகிறார்கள். பிறகு மாவுக் கரைசலை ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு மூன்று தடவையாக ஊற்றுவதால்தான், டோஃபுவில் ஊறும் நீர் குழம்பைப் பிரித்துவிடாமல் சாறு துண்டுகளின்மேல் பற்றி நிற்கிறது. நல்ல கடையில் டோஃபு உடையாமல், ஓரத்தில் செந்நிற எண்ணெய் கட்டி, மேலே அப்போதுதான் தூவிய மிளகுப்பொடி மணக்க, கொதிக்கக் கொதிக்க வரும். ஆறவிடாமல் சோற்றில் போட்டு உண்ணுங்கள். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் முன்கூட்டியே சொன்னால் காளான் போட்டுச் செய்து தரும் கடைகள் உண்டு. பல இடங்களில் பன்றி இறைச்சி சேர்க்கிறார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது குங் பாவ் சிக்கன். 1876 முதல் 1886-இல் இறக்கும்வரை சிச்சுவானின் ஆளுநராக இருந்த டிங் பாவோசென் விரும்பி உண்டதென்று அவருடைய பட்டப்பெயரைத் தாங்கி நிற்கிறது. சிறு சதுரங்களாக நறுக்கிய கோழி, வறுத்த வேர்க்கடலை, கருகாமல் கருஞ்சிவப்பாக வறுத்த மிளகாய், அவற்றின்மேல் புளிப்பும் இனிப்பும் மெலிதாக ஓடும் சாறு. வறமிளகாய் மணத்துக்குத்தான், அதை ஒதுக்கிவிட்டுக் கோழியையும் கடலையையும் எடுத்துக்கொள்வார்கள். சாப்ஸ்டிக் குச்சியால் கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உண்ணும் பொறுமை இல்லாதவர்கள் தயங்காமல் கரண்டி கேட்கலாம். மேசையில் கொதிக்கும் சாற்றில் இறைச்சியையும் காய்கறியையும் தோய்த்து வேகவைத்து உண்ணும் சோங்சிங் நகரத்து ஹாட்பாட்டைப் பலரும் பரிந்துரைப்பார்கள். அதன் சிவப்புச் சாறு வழக்கமாக மாட்டுக்கொழுப்பில் ஆனது என்பதால், மாட்டிறைச்சியைத் தவிர்ப்பவர்கள் காய்கறி எண்ணெயில் செய்த சாற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: பின்னலாடைத் தொழிலுக்காகக் கேன்டன் கண்காட்சிக்குச் செல்ல இருக்கிறேன். அசைவம் உண்பேன், மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் தொட மாட்டேன். முன்பு போய் வந்தவர்கள் பிஸ்கட்டிலும் பழத்திலும் நாள்களை ஓட்டியதாகச் சொல்கிறார்கள். கேன்டன் எனப்படும் குவாங்சோவில் எனக்கு என்ன கிடைக்கும்? (வாசகர், திருப்பூர்)

பதில்: 1957 முதல் இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலுமாக நடந்துவரும் அந்தக் கண்காட்சிக்குப் போகிறவர், சீனாவின் மிக நயமான சமையல் நகரங்களுள் ஒன்றுக்குப் போகிறார். அங்கே பிஸ்கட் உண்டு திரும்புவது வருத்தத்துக்குரியது.

காலை உணவைத் தேநீர் அருந்தகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூங்கில் தட்டுகளில் மூன்று நான்காக ஆவி பறக்க வரும் சிற்றுண்டிகளை நாம் டிம் சம் என்கிறோம். இறாலைப் பொதிந்த ஹார் காவ் கொழுக்கட்டையின் மேல்தோல் கோதுமையிலிருந்து பிரித்தெடுத்த மாவுச்சத்தால் ஆனதாகையால், உள்ளே இருக்கும் இறாலின் இளஞ்சிவப்பு வெளியே தெரியும். தோல் கிழியாமலும் பல்லில் ஒட்டாமலும் இருந்தால் அந்தக் கடையில் மற்றவற்றையும் நம்பி வாங்கலாம். அடுத்து சியோங் ஃபன். அரைத்த அரிசி மாவை நீர்க்கக் கரைத்துத் தட்டில் மெல்லப் பரப்பி ஆவியில் வேகவைத்து, உள்ளே இறால் வைத்துச் சுருட்டி, இனிப்பு கலந்த சோயா சாஸ் ஊற்றித் தருவார்கள். காயப்போடுவதற்கு முன்பு சுடச்சுட உரித்துத் தின்னும் இலை வடாமை விரும்புகிறவர்களுக்கு அந்த வழவழப்பு உடனே பிடித்துவிடும். சியு மாய், சார் சியு பாவ், வான்டன், முள்ளங்கிப் பணியாரம் ஆகியவற்றில் பன்றி இறைச்சி இருக்கும், தவிருங்கள். ஹார் காவிலும் மரபான முறையில் பன்றிக் கொழுப்பைப் பொடியாக நறுக்கிச் சேர்ப்பதுண்டு, ஆகையால் கேட்டுவிட்டு உண்பதே சரி. யாராவது உங்கள் கோப்பையில் தேநீர் ஊற்றினால் இரு விரல்களால் மேசையை மெல்லத் தட்டுங்கள். அதுதான் அங்கே நன்றி. தேநீர்க் குடுவை காலியானால் மூடியைத் திறந்து சாய்த்து வைத்தால் போதும், பணியாளர் வந்து வெந்நீர் நிரப்புவார்.

மதியமும் இரவும் உங்களுக்குக் குறையே இருக்காது. தொட்டியில் நீந்தும் மீனைக் காட்டிச் சம்மதம் கேட்டபின் எடுத்துச் சென்று, ஆவியில் பத்து நிமிடம்போல வேகவைத்து, மேலே இஞ்சியையும் வெங்காயத்தாளையும் நூலாக நறுக்கித் தூவி, புகையக் காய்ச்சிய எண்ணெயைச் 'சுர்'ரென்று ஊற்றி, சோயா சாஸோடு தருவார்கள். மசாலாவே இல்லாத மீனா என்று முகம் சுளிக்க வேண்டாம். மீன் பழையதாக இருந்தால் மறைக்க ஒன்றுமே இல்லாத சமையல் இது. ஆகவே பழைய மீனைக் கொண்டு இதைச் செய்யவே மாட்டார்கள். கொதிக்காத சுடுநீரில் மெல்ல வேகவைத்து இஞ்சி எண்ணெயில் தொட்டு உண்ணும் வெள்ளைக் கோழி, வெறும் நீரில் வேகவைத்த இறால், வாத்தைவிடப் பெரிதான கூஸ் பறவையின் வறுவல், மண்சட்டியில் கோழியும் காளானும் இட்டு அடிப்பிடிக்க வேகவைத்த சோறு ஆகியவையும் உங்களுக்கு ஏற்றவை.

இஞ்சிப் பாலை மறக்காமல் கேளுங்கள். எருமைப்பாலைச் சர்க்கரையிட்டுக் காய்ச்சி, ஏறத்தாழ 70 பாகை செல்சியசுக்கு ஆறவைத்து, கிண்ணத்தின் அடியில் உள்ள புதிய இஞ்சிச் சாற்றின்மேல் ஒரே வீச்சில் ஊற்றிவிட்டு அசைக்காமல் வைத்தால், சில நிமிடங்களில் உறைந்துவிடும். உறைமோரும் இல்லை, ஜெலட்டினும் இல்லை. இஞ்சியில் உள்ள ஒரு நொதியே பாலை உறையவைக்கிறது. பீங்கான் கரண்டியை மேலே வைத்தால் மூழ்காமல் நிற்க வேண்டும், அதுதான் பதம்.

கேள்வி: அம்மா, என் மகன் மருத்துவம் படிக்கச் சீனாவுக்குச் செல்கிறான். முட்டைகூட உண்ணாத சைவக் குடும்பம் எங்களுடையது. அவன் வெளியில் எதை நம்பி உண்ணலாம்? (வாசகி, சென்னை)

பதில்: காய்கறிக்கும் டோஃபுவுக்கும் அங்கே பஞ்சமே இல்லை, சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இறைச்சியைச் சுவையூட்டும் பொருளாகச் சிறிதளவு சேர்ப்பது அங்கே வழக்கமாகையால், பட்டியலில் பீன்ஸ் வறுவல் என்றிருப்பதிலும் ஒரு பிடி கொத்திய பன்றி இறைச்சி இருக்கும். கீரையை வதக்கப் பன்றிக் கொழுப்பையும், சாறு கூட்டக் கோழிச்சாற்றையும், மேலே ஊற்றச் சிப்பி சாஸையும் பயன்படுத்துவார்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால், கண்ணுக்குத் தெரியும் துண்டுகளை விலக்கிவிட்டு அதே சாற்றில் சமைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. ஆகவே இறைச்சி, மீன், முட்டை, பன்றிக் கொழுப்பு, கோழிச்சாறு, கோழிப் பொடி, சிப்பி சாஸ் என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விலக்கும் குறிப்பைச் சீன மொழியில் எழுதிக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முழு நம்பிக்கையோடு உண்ணக்கூடிய இடங்கள் பௌத்த மடாலயங்களைச் சார்ந்த உணவகங்கள். செங்டுவின் வென்ஷு மடாலயத்திலும் ஷாங்காயின் ஜேட் புத்தர் கோவிலிலும் அவை புகழ்பெற்றவை. அங்கே வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. கோதுமைப் பசையிலும் டோஃபுத் தோலிலும் மீன், வாத்து போன்ற உருவங்களைச் செய்து வைப்பதைக் கண்டு உங்கள் மகன் திடுக்கிட வேண்டாம். அவை விருந்துக்கு வரும் அசைவர்களுக்காக ஏற்பட்ட பழைய கலை. எனக்கு அவற்றில் ஈடுபாடு குறைவு. அதே மேசையில் வரும் லோஹான் ஜாய் எனக்கு மேலானதாகப் படுகிறது. காளான், மரக்காளான், தாமரைத் தண்டு, டோஃபுத் தோல், கண்ணாடி நூடுல்ஸ் எல்லாம் ஒன்றாக வெந்து, காளானின் சாறு எல்லாவற்றிலும் இறங்கியிருக்கும்.

சாதாரணக் கடைகளில் அந்தக் குறிப்பைக் காட்டிவிட்டு வாங்கக் கூடியவை சில உண்டு. வடகிழக்குச் சீனாவின் டி சான் ஷியான், உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், குடைமிளகாய் மூன்றையும் எண்ணெயில் பொரித்துப் பூண்டுச் சாற்றில் புரட்டியது. 'மீன் மணக் கத்தரிக்காய்' என்ற பெயரைக் கண்டு ஒதுங்க வேண்டாம். அதில் மீன் கிடையாது, மீனுக்கு இடும் ஊறுகாய் மிளகாய், இஞ்சி, பூண்டு, வினிகர், சர்க்கரைக் கலவையில் கத்தரிக்காயைச் சமைக்கிறார்கள், கொத்துக்கறியை மட்டும் விலக்கச் சொல்ல வேண்டும். உருளைக்கிழங்கை நூலாக நறுக்கி மாவு போகக் கழுவி, வினிகரும் வறமிளகாயும் இட்டுப் பெருந்தீயில் ஒரு நிமிடம் வதக்கித் தருவார்கள்; கிழங்கு குழையாமல் நறுக்கென்று கடிபடுவதுதான் அதன் இலக்கணம், வேகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட வேண்டாம். ஷிஆன் நகரத்து லியாங்பியும் நல்லது. கோதுமை மாவுச்சத்தை ஆவியில் வேகவைத்து, பட்டையாக நறுக்கி, வினிகரும் மிளகாய் எண்ணெயும் வெள்ளரியும் சேர்த்துக் குளிர்ந்தபடி தருவது அது; வெயில் நாள்களில் ஒரு வேளைக்கு அது போதும்.

கேள்வி: ஹலால் உணவை மட்டுமே உண்பவர்கள் சீனாவில் எதைச் சுவைக்கலாம்? மீனும் கோழியும் எங்கும் கிடைக்குமே, அவை போதாதா? (வாசகர், காயல்பட்டினம்)

பதில்: சாதாரணக் கடைகளில் மீனையும் கோழியையும்கூட ஷாவோஷிங் போன்ற அரிசி மதுவில் ஊறவைத்தே சமைப்பதால் அவை போதா. ஆனால் நீங்கள் எதையும் இழக்கப்போவதில்லை. சீனாவின் மிகச் சிறந்த உணவுகள் சிலவற்றை ஹுய், உய்குர் முஸ்லிம்களே உருவாக்கியிருக்கிறார்கள். ஹலாலைக் குறிக்கும் 'சிங்ஜன்' (清真) என்ற இரு சீன எழுத்துகளைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். சில நகரங்களில் கடைப் பலகைகளிலிருந்த அரபு எழுத்துகள் அகற்றப்பட்டுவிட்டதால் அவற்றை மட்டும் நம்பித் தேட முடியாது.

லான்சோ மாட்டிறைச்சி நூடுல்ஸ் நாடெங்கும் கிடைக்கிறது. ஹுய் முஸ்லிமான மா பாவோசி 1915-இல் லான்சோ நகரில் பெயர்பெறச் செய்த உணவு இது. தெளிந்த சாறு, வெள்ளை முள்ளங்கி, சிவந்த மிளகாய் எண்ணெய், பச்சைக் கொத்தமல்லியும் பூண்டுத்தாளும், மஞ்சள் நூடுல்ஸ் என்று ஐந்து நிறங்களும் ஒரு கிண்ணத்தில் இருக்க வேண்டும். மாவை வெட்டுவதில்லை, இழுக்கிறார்கள். கயிறாகத் திரித்த மாவை ஒவ்வொரு முறை மடித்து இழுக்கும்போதும் இழை இரட்டிப்பாகி, எட்டாவது இழுப்பில் 256 இழையாகிறது. மயிரிழை முதல் வார்ப்பட்டை வரை எந்த அகலம் வேண்டும் என்று கடைக்காரரிடம் சொல்லலாம். நடுத்தரமே சாற்றைச் சரியாகப் பிடிக்கும்.

ஷிஆனின் முஸ்லிம் குடியிருப்பில் ஆட்டிறைச்சி பாவ்மோ உண்ண நேரம் ஒதுக்க வேண்டும். கெட்டியான ரொட்டியும் வெறுங்கிண்ணமும் முதலில் உங்களிடம் வரும். ரொட்டியை நீங்களே சோயா விதை அளவுக்குக் கிள்ளிப் போட வேண்டும்; அரை மணி நேரம்கூட ஆகும், பக்கத்து மேசைக்காரர்கள் கதை பேசியபடியே கிள்ளிக்கொண்டிருப்பார்கள். கிள்ளி முடித்த கிண்ணத்தைச் சமையலறை எடுத்துச் சென்று, ஆட்டுச் சாற்றில் கொதிக்கவைத்து, இறைச்சியும் கண்ணாடி நூடுல்ஸும் சேர்த்துத் திருப்பித் தருகிறது. பெரிய துண்டாகக் கிள்ளினால் நடுவில் சாறு ஏறாது. இனிப்பு ஊறுகாய்ப் பூண்டைக் கடித்துக்கொண்டு உண்ணுங்கள். சீரகமும் மிளகாய்த்தூளும் தூவிச் சுட்ட சிஞ்சியாங் ஆட்டுக்கறிக் குச்சிகளும் காரட் போட்ட போலோச் சோறும் பெரும்பாலான நகரங்களில் கிடைக்கும். பெய்ஜிங்கில் 1903-இல் தொடங்கிய டோங்லாய்ஷுன் உணவகத்தில், செம்புப் பாத்திரத்தின் நடுக்குழாயில் கரி எரிய, தாள்போல் சீவிய ஆட்டிறைச்சியைக் கொதிநீரில் தோய்த்து எள் விழுதில் தொட்டு உண்கிறார்கள்.

கேள்வி: பெய்ஜிங் வாத்து வறுவலும் ஷாங்காய்ச் சூப்புக் கொழுக்கட்டையும் அவற்றுக்குக் கிடைத்த புகழுக்குத் தகுந்தவையா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: வாத்தின் தோல் தகுந்தது. இறைச்சியைப் பற்றி நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். தோலுக்கும் சதைக்கும் இடையே காற்றை ஊதிப் பிரித்து, கொதிநீர் ஊற்றி, மால்ட் பாகு பூசி, தொங்கவிட்டுக் காயவைத்த பிறகே வாத்தை அடுப்புக்குக் கொண்டுபோகிறார்கள். 1416 முதல் தன் வரலாற்றைச் சொல்லும் பியன்யிஃபாங் உணவகம் மூடிய அடுப்பிலும், 1864-இல் தொடங்கிய சுவான்ஜுட உணவகம் பழமர விறகு எரியும் திறந்த அடுப்பில் தொங்கவிட்டும் சுடுகின்றன. தோலின் முதல் துண்டைச் சர்க்கரையில் தொட்டு உண்ணுங்கள். கடித்ததும் நொறுங்கிக் கொழுப்பு கரையும். மற்றவற்றை மெல்லிய கோதுமை அடையில் வெங்காயத்தாள், வெள்ளரி, இனிப்பு மாவுச் சாஸோடு சுருட்டிக்கொள்ளலாம். ஒரு வாத்து மூன்று நான்கு பேருக்கானது. தனியாகப் போனால் அரை வாத்து உண்டா என்று கேளுங்கள்.

சூப்புக் கொழுக்கட்டையாகிய ஷியாவ்லோங்பாவ் ஷாங்காயை அடுத்த நான்ஷியாங் ஊரில் 19-ஆம் நூற்றாண்டில் பெயர்பெற்றது. பன்றித் தோலை வேகவைத்த சாற்றை உறையவைத்து, அந்தக் கூழைக் கொத்துக்கறியோடு பொதிந்து வேகவைப்பதால், ஆவியில் அது உருகி உள்ளேயே சூப்பாக நிற்கிறது. ஓரத்தில் சிறு துளையிட்டுச் சாற்றை உறிஞ்சிய பின்பே வாயில் போட வேண்டும். பன்றி இறைச்சி உண்பவர்களுக்கு இது வாத்தைவிட மலிவான, என் கணக்கில் வாத்தைவிட மேலான அனுபவம்.

கேள்வி: சீன உணவு என்றாலே அஜினோமோட்டோ என்று வீட்டில் தடை விதிக்கிறார்கள். உண்மையில் ஆபத்தா? (வாசகி, சேலம்)

பதில்: அந்த உப்பின் சுவைக்குக் காரணமான குளூட்டமேட்டை 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்தார், தக்காளியிலும் காளானிலும் சோயா சாஸிலும் அதே குளூட்டமேட் இயற்கையாகவே இருக்கிறது. சீன உணவகத்தில் உண்டபின் தலைவலியும் மரப்பும் வருவதாக 1968-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளிவந்த ஒரு கடிதத்திலிருந்து இந்த அச்சம் பரவியது. உணவில் வழக்கமாக இடும் அளவில் அது தீங்கு செய்வதாகப் பிற்காலச் சோதனைகள் உறுதிப்படுத்தவில்லை; அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதைப் பாதுகாப்பானவற்றின் வரிசையிலேயே வைத்திருக்கிறது. தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று உணர்பவர்கள் தவிர்க்கலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைவிடக் கவனிக்க வேண்டியது சோயா சாஸை. ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது.

கேள்வி: இங்கே எங்கும் கிடைக்கும் ஹைனான் கோழிச்சோறு சீன உணவா, எங்கள் ஊர் உணவா? எலும்பருகே இளஞ்சிவப்பாக இருப்பதால் உண்ணத் தயங்குகிறேன். (வாசகி, சிங்கப்பூர்)

பதில்: ஹைனான் தீவின் வென்சாங் கோழிச் சமையலை அங்கிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்தார்கள், கோழிக்கொழுப்பில் அரிசியை வறுத்து, கோழிச்சாறும் இஞ்சியும் பூண்டும் பாண்டான் இலையும் இட்டு வேகவைக்கும் சோறும், அரைத்த மிளகாய்ச் சாறும் மலாயா மண்ணில் தேறியவை. ஆகவே உங்கள் ஊர் உணவு என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். இளங்கோழியின் எலும்பு மச்சையிலிருந்து கசியும் நிறமே அந்தச் சிவப்பு. அதை மட்டும் வைத்து வேகவில்லை என்று முடிவு கட்ட முடியாது. சதை கண்ணாடிபோல் பளபளத்து எலும்பை விட்டுப் பிரிய மறுத்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். நல்ல கடையில் தோலுக்கும் சதைக்கும் நடுவே மெல்லிய கூழ் உறைந்திருக்கும். வெந்த கோழியை உடனே பனிக்கட்டி நீரில் அமிழ்த்துவதால் வருவது அது.

கேள்வி: நூறாண்டு முட்டை என்ற கறுப்பு முட்டையைக் குதிரைச் சிறுநீரில் ஊறவைக்கிறார்களாமே? (வாசகர், திருச்சி)

பதில்: இல்லை. வாத்து முட்டையைச் சுண்ணாம்பு, சாம்பல், உப்பு, தேயிலைக் கலவையில் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை வைக்கிறார்கள். காரத்தன்மை ஊடுருவி வெண்கரு தேன்நிறக் கூழாகவும், மஞ்சள்கரு கரும்பச்சை வெண்ணெயாகவும் மாறுகிறது; அப்போது எழும் அம்மோனியா வாடைதான் அந்தக் கதைக்குக் காரணமாக இருக்க வேண்டும். தனியாக உண்டால் பிடிக்காமல் போகலாம். குளிர்ந்த டோஃபுவின்மேல் சோயா சாஸோடு முயன்று பாருங்கள்.

கேள்வி: சீனா செல்லும் வாய்ப்பு எனக்கு இல்லை. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே, சீனர்கள் வீட்டில் உண்ணும் ஒன்றை வீட்டில் செய்ய முடியுமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: தக்காளி முட்டையைச் செய்யுங்கள். மாணவர் விடுதி முதல் பாட்டி வீடு வரை சீனா முழுவதும் உண்ணும் உணவு இது. மூன்று முட்டைகளைச் சிட்டிகை உப்பும் ஒரு மேசைக்கரண்டி நீரும் சேர்த்து நுரைக்க அடித்துக்கொள்ளுங்கள். சீனச்சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெயை நன்றாகக் காயவிட்டு முட்டையை ஒரே தடவையில் ஊற்றினால் ஓரங்கள் பொங்கி எழும். பொடிமாஸுக்குக் கிளறுவதுபோல் கிளறாமல், அகலமான மடிப்புகளாக நடுவே தள்ளி, முக்கால் பதம் வெந்ததுமே தட்டில் எடுத்துவிடுங்கள். அதே சட்டியில் சிறிது எண்ணெய், வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி, பெரிய துண்டுகளாக நறுக்கிய மூன்று பழுத்த தக்காளி, உப்பு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை சேர்த்து, தக்காளி தன் சாற்றை விட்டுக் குழையும்வரை வதக்குங்கள். நாட்டுத் தக்காளிக்குப் புளிப்பு மிகுதியாகையால் சர்க்கரையை இன்னும் அரைத் தேக்கரண்டி கூட்டலாம். பெங்களூர்த் தக்காளிக்கு வேண்டாம். முட்டையைத் திரும்பப் போட்டு அரை நிமிடம் புரட்டி, வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைத் தூவி இறக்குங்கள். கடுகு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் எதையும் சேர்க்கத் தோன்றும். முதல் தடவையாவது கையைக் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். சாறு சற்றே கூடுதலாக இருக்க வேண்டும், சோற்றில் பிசைவதற்கு அதுதான்.

கூடவே தட்டிய வெள்ளரிக்காய். பிஞ்சு வெள்ளரியை அகன்ற கத்தியின் பக்கவாட்டால் தட்டினால் கோணல்மாணலாக வெடிக்கும். அந்தச் சொரசொரப்பான பரப்பில்தான் சாறு பிடிக்கும் என்பதால் வில்லைகளாக நறுக்கக் கூடாது. உப்பிட்டுப் பத்து நிமிடம் வைத்து நீரை வடித்துவிட்டு, நசுக்கிய பூண்டு, சோயா சாஸ், வினிகர், சிட்டிகை சர்க்கரை, சில துளி எள்ளெண்ணெய் சேர்க்க வேண்டும். சீனர் பயன்படுத்துவது வறுத்த எள்ளிலிருந்து பிழிந்த, கருத்த, மணம் மிகுந்த எண்ணெய். நம் செக்கு நல்லெண்ணெயில் அந்த மணம் வராது. அது கிடைக்காவிட்டால் ஒரு தேக்கரண்டி எள்ளைப் பொன்னிறமாக வறுத்துக் கரகரப்பாகப் பொடித்து நல்லெண்ணெயோடு கலந்துகொள்ளுங்கள். நம் கடைகளில் விற்கும் வெள்ளை வினிகர் சீனரின் கறுப்பு வினிகரைவிடக் குத்தலாக இருக்கும், ஆகவே பாதியளவே ஊற்றுங்கள். வெள்ளரி மீண்டும் நீர் விடும் என்பதால் இலையில் பரிமாறும் நேரத்தில் கலந்தால் போதும்.